இறக்கத்தில் தவறிய குறி: ஏற்காட்டில் நடந்த ஓட்டம்-சுடுதல் போட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

போட்டி முடிந்ததும் அமைப்பாளர்கள் கையில் கொடுத்த தாளில் ஒரு வரி மட்டும் கண்ணை உறுத்தியது. சேர்வராயன் மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த பதினாறு வயதுப் பையன், ஓட்டத்தில் எல்லோரையும் விட வேகம். படுத்துச் சுட்ட ஐந்து இலக்கில் நான்கு விழுந்திருக்கின்றன. நின்று சுட்ட ஐந்தில் ஒன்றுதான். அவனுடைய பயிற்சியாளர் சொன்ன காரணம் எல்லோரும் சொல்வதுதான்: "நாடி ஏறிவிட்டது சார், பையன் பதறிவிட்டான்."

அவன் மார்பில் கட்டியிருந்த நாடிப் பட்டை வேறு கதை சொன்னது. படுத்துச் சுட வந்தபோது நாடி நிமிடத்துக்கு 180ஐத் தாண்டியிருந்தது. நின்று சுட வந்தபோது 160ஐ ஒட்டி இறங்கியிருந்தது. நாடி குறைவாக இருந்த நேரத்தில்தான் குறி தவறியிருக்கிறது. இந்த முரண்தான் இந்த ஆய்வின் பொருள். நான் சேலத்தில் பிசியோதெரபி பார்ப்பவன். போட்டியை நடத்தியவர்களில் ஒருவன் அல்ல. சுடுதளத்தில் நேரம் குறிக்கவும், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளைகளைக் கவனிக்கவும் அழைக்கப்பட்டிருந்தேன்.

எதைப் பார்த்துச் செய்தார்கள்

பயத்லான் என்பது பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த விளையாட்டு. முதுகில் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள .22 ரைஃபிளைச் சுமந்துகொண்டு பனியில் சறுக்கி வர வேண்டும். மூச்சு இரைக்க இரைக்கச் சுடுதளத்தில் நின்று, 50 மீட்டர் தூரத்தில் வரிசையாக இருக்கும் ஐந்து வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர் அகலத்துக்குள் பட்டால்தான் கணக்கு. நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. தனிநபர் நெடுந்தூரப் போட்டியில் மட்டும் சுற்றுக்குப் பதிலாக நேரத்தைக் கூட்டுவார்கள்.

இதற்கான ஜூனியர் உலகப் போட்டி முதன்முதலில் 1967இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் ஆல்டன்பெர்க்கில் நடந்தது. இன்று 22 வயது வரை ஜூனியர், 19 வயது வரை யூத் என்று பிரிக்கிறார்கள். ஸ்பிரின்ட் பந்தயத்தில் ஜூனியர் ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 7.5 கிலோமீட்டர். மூன்று சுற்று, முதல் சுற்று முடிந்ததும் படுத்துச் சுட வேண்டும், இரண்டாவது முடிந்ததும் நின்று, மூன்றாவது முடிந்தால் எல்லைக்கோடு. ஏற்காட்டில் எடுத்தாண்டது இந்த ஸ்பிரின்ட் அமைப்பைத்தான். சறுக்குக்குப் பதில் ஓட்டம், .22க்குப் பதில் ஏர் ரைஃபிள். .22 என்றால் உரிமம், போலீஸ், தோட்டாக் கணக்கு என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாத வேலை.

ஓடிச் சுடுவது ஏற்காட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வேடிக்கை இல்லை. பனி இல்லாத மாதங்களில் நடத்தும் கோடைக்கால பயத்லானில் ஓட்டமும் உண்டு, சக்கரச் சறுக்கும் உண்டு. 1996 முதல் அதற்கென உலகப் போட்டியே நடந்து வருகிறது. சக்கரச் சறுக்கை இங்கே ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, எதிரே அரசுப் பஸ், வேகத்தைக் கட்டுப்படுத்த முறையான பிரேக்கும் இல்லாத சக்கரக் கட்டை. அந்த யோசனை அங்கேயே நின்றது நல்லது.

உயரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சர்வதேச விதிப்படி பந்தயப் பாதை கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் பயத்லானுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இத்தாலியின் அன்டோல்ஸ் மைதானம் 1,600 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 1,600ஐத் தாண்டும். உயரத்தை மட்டும் கேட்டால் நாம் அன்டோல்ஸுக்குப் பக்கத்து வீடு. பந்தயத்தை நடத்தவே கூடாது என்று அவர்கள் கோடு கிழித்திருப்பது மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால். அந்தக் கவலை நமக்கு வர வாய்ப்பில்லை.

களம்

தனியார் எஸ்டேட் ஒன்றின் காபி உலர்த்தும் களம்தான் மைதானம். அறுவடை தொடங்காத மழை மாதம் ஆகையால் காலியாகக் கிடந்தது. சிமெண்டுத் தரை, ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் வெட்டப்பட்ட மண் கரை. அந்தக் கரையை முதுகுக்கு வைத்துப் பத்து மீட்டரில் இலக்குப் பலகைகள்.

பலகைகள் அருமையாக வந்திருந்தன. ஐம்பது மீட்டரில் 45 மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டரில் 9. 115 என்றால் 23. இந்தக் கணக்கைச் சேலத்தில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் இரும்புத் தகட்டில் ஐந்து ஐந்தாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளைக்கும் பின்னால் கீல் வைத்த சின்னத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு, உள்ளே போனால் பின்தகடு சாய்ந்து வெள்ளை தெரியும். விளிம்பில் பட்டால் "டிக்" என்று மெல்லிய சத்தம் வரும், வெள்ளை தெரியாது. அன்று நடந்த சண்டைகளில் பாதி இந்த "டிக்" பற்றியவை. 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு 9 மில்லிமீட்டர் துளை என்றால் விளிம்பு உரசாமல் போக இருக்கும் இடைவெளி கொஞ்சம்தான். பெல்லட் தெறித்து வரலாம் என்பதால் சுடுபவர், நடுவர், நேரம் குறிப்பவர் எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். ரைஃபிள்களும் சுடுதள மேசையை விட்டு நகரவில்லை. ஓடும்போது யார் முதுகிலும் துப்பாக்கி கிடையாது. இந்த இரண்டுக்காகவும் அமைப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். ஐரோப்பாவிலும் சின்னப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைச் சுடுதளத்திலேயே வைத்துவிடும் வழக்கம் உண்டு.

தண்டனைச் சுற்றிலும் யோசித்திருந்தார்கள். பனியில் 150 மீட்டரைச் சறுக்கிக் கடக்க நல்ல வீரருக்கு ஏறக்குறைய 25 நொடி ஆகும். கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம் என்று ஓடும் பையனுக்கு அதே 150 மீட்டர் 36 நொடி. அப்படியே வைத்தால் ஒரு தவறின் விலை ஏறிவிடும். நூறு மீட்டராகக் குறைத்தார்கள். 24 நொடி வருகிறது. இவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள் பாதையில் சறுக்கிவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

பாதை இப்படி. களத்திலிருந்து கீழே ஓடை வரை இறங்கி, காபிச் செடிகளுக்கு நடுவே வண்டிப் பாதையில் மெல்ல ஏறிக் களத்துக்கே வருவது கீழ்ச்சுற்று. சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் ஏறி, பாறை மேடு வரை போய், செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் களத்துக்கு இறங்குவது மேல்சுற்று. இரண்டும் சுமார் ஒரு கிலோமீட்டர். முதல் சுற்று கீழே, படுத்துச் சுடுதல். இரண்டாவது மேலே, நின்று சுடுதல். மூன்றாவது மறுபடியும் கீழே. ஏற்றமும் இறக்கமும் சமமாகக் கலந்து வருகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் காலையில் நன்றாகவே தோன்றியது.

அந்தப் பையன் நின்ற விதம்

மூடுபனி களத்தின் ஓரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பையன் மேல்சுற்றிலிருந்து வந்த வேகத்தில் பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். மலைப் பிள்ளைகளுக்கு இறக்கம் பயமில்லை. குதிகால் ஊன்றித் தாவித் தாவி வந்துவிடுவார்கள். மூச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது, வாயை மூடிக்கொண்டுதான் ரைஃபிளை எடுத்தான். பதற்றம் முகத்தில் இல்லை.

நான் பார்த்தது அவன் முகத்தை அல்ல. அரைக்கால் சட்டைக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, தொடைத் தசை துடித்துக்கொண்டிருந்தது. மாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்க்குமே, அந்த மாதிரி, ஆனால் நிற்காமல். ரைஃபிளின் முன்முனை அதே தாளத்தில் சின்ன வட்டம் போட்டது. அவன் அது நிற்கட்டும் என்று காத்திருந்தான். நிற்கவில்லை. காத்திருந்த நேரத்தில் கையும் களைத்தது, வட்டம் பெரிதானது. கடைசியில் முனை இலக்குத் துளையைத் தாண்டும் கணத்தில் விசையைப் பிடுங்கினான். முதல் பெல்லட் மண் கரையில். அடுத்ததற்கு இன்னும் அதிக நேரம் காத்திருந்தான். தேர்ந்த பயத்லான் வீரர்கள் ஐந்து குண்டையும் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு பெல்லட்டாகக் கையால் போட வேண்டிய ஏர் ரைஃபிளில் அந்த வேகம் வராது. அது வேறு விஷயம். ஆனால் இவன் பெல்லட் போட எடுத்த நேரம் கொஞ்சம், குறிபார்த்து நின்ற நேரம்தான் மிச்சமெல்லாம்.

மூன்று சந்தேகங்கள்

முதலாவது நாடி. பயத்லானில் நாடி முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. சுடுதளத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, மூச்சை ஒழுங்குக்குக் கொண்டுவரக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் இங்கே நாடி கூடுதலாக இருந்த நிலையில் நான்கு விழுந்தது, குறைவாக இருந்த நிலையில் ஒன்று. அதோடு, பள்ளி மைதானத்தில் சமதரையில் விரட்டி விரட்டி ஓடவிட்டு நிற்கவைத்தால் இவன் வழக்கமாக நான்கு அடிப்பான் என்று பயிற்சியாளரே சொல்கிறார். அங்கே நாடி 160ஆகவா இருந்திருக்கும்? நாடியை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

இரண்டாவது, நிற்பதே கடினம் என்பது. உண்மைதான். படுத்திருக்கும்போது இரண்டு முழங்கையும் கையில் மாட்டும் வாரும் துப்பாக்கியைத் தாங்குகின்றன. நிற்கும்போது கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டும். அதனால்தானே நிற்பவருக்கு இரண்டரை மடங்கு அகலமான வட்டம் கொடுத்திருக்கிறார்கள்? ஆனால் இந்தக் காரணம் எல்லோருக்கும் பொது. நான்கு ஒன்றாகச் சரிந்ததை அது மட்டும் விளக்கவில்லை.

இந்த இடத்தில் சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். காலைப் பஸ்ஸில் வளைவுகளைக் கடந்து வந்ததில் வயிற்றைப் பிரட்டி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே களத்துக்கு வந்தவள். ஓட்டத்தில் கடைசி வரிசை. ஏர் ரைஃபிள் கிளப்பில் பயிற்சி பெறுகிறாள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் என்பதே நின்று மட்டும் சுடும் போட்டி. எனவே படுத்துச் சுட அவளுக்குப் பழக்கமில்லை, இரண்டுதான் விழுந்தது. நின்று நான்கு. "கிளப் பொண்ணு, நின்று சுடத்தான் செய்வாள்" என்று விட்டுவிடலாம். ஆனால் கிளப்பில் அவள் சுடுவது விறைப்பான தோல் ஜாக்கெட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, நிதானமாக. இங்கே வெறும் டி-ஷர்ட், மேல்சுற்று முடித்த கையோடு. நான் கவனித்த இன்னொன்று: அந்தச் செங்குத்துப் பாதையில் அவள் ஓடவே இல்லை. பயந்து, செடியைப் பிடித்துப் பிடித்து நடந்து இறங்கினாள்.

நேரத் தாளை எடுத்து, பாறை மேட்டிலிருந்து களம் வரை யார் எவ்வளவு வேகமாக இறங்கினார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். மேட்டில் நின்ற தன்னார்வலர் ஒருவர் ஒவ்வொருவரும் கடந்த நேரத்தைக் குறித்துவைத்திருந்தார், அவருக்கு நன்றி. வேகமாக இறங்கியவர்களே பெரும்பாலும் நின்று சுடுவதில் அதிகம் தவறியவர்கள். ஒரு சிறு கூட்டத்தை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

மூன்றாவது சந்தேகம், ஆக, இறக்கம்.

இறக்கத்தில் கால் என்ன செய்கிறது

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்துகிறது. லாரி ஓட்டுநர்கள் ஏற்காட்டு இறக்கத்தில் என்ஜினைக் கியரில் பிடித்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைத் தசை செய்கிறது. இந்த நீளும் வேலைக்குப் பிராணவாயுச் செலவு குறைவு. இதயம் ஓய்வெடுக்கிறது, நாடி இறங்குகிறது, மூச்சு சீராகிறது. தசை இழைகளுக்கு விழும் அடியோ அதிகம். மலையிறங்கி வந்து கடைசிப் படியில் நின்றவுடன் கால் தானாக ஆடுவது இதனால்தான். கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் படி இறங்கிவிட்டு வந்தவர்களைக் கேட்டால் மறுநாள் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள்.

எனவே இறங்கி வந்த பையனின் நாடிப் பட்டை "தயார்" என்றது. தொடை "தயாரில்லை" என்றது. பயிற்சியாளர் முதலாவதை மட்டும் கேட்டார். படுத்துச் சுடும்போது கால் துப்பாக்கியைத் தாங்குவதில்லை, தரையில் கிடக்கிறது. கீழ்ச்சுற்றில் ஏறி வந்த மூச்சிரைப்போடு அவன் நான்கு விழ வைத்தது அதனால்தான்.

பனியில் இந்தச் சிக்கல் இந்த வடிவில் வராது என்பதைத்தான் அமைப்பாளர்கள் கவனிக்கவில்லை. சறுக்கி வருபவர் இறக்கத்தில் குனிந்து நின்றால் போதும். கட்டை வழுக்கிக்கொண்டு வரும். தொடை ஒரே நிலையில் தாங்கிக் கடுக்கும், உண்மை. ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கை வாங்கித் தடுக்கும் வேலை அதற்கு இல்லை. இறக்கம் அவருக்குப் பெரும்பாலும் இளைப்பாறும் இடம். ஓடுபவருக்கு இறக்கத்திலும் இளைப்பாறல் கிடையாது. சறுக்குப் பந்தயத்தின் அமைப்பை அப்படியே ஓட்டத்துக்குப் பெயர்க்கும்போது தண்டனைச் சுற்றின் நீளத்தைத் திருத்தியவர்கள், இதைத் திருத்தாமல் விட்டார்கள்.

மறுநாள் காலை

பையன் ஊர் பக்கத்தில்தான். அவன் தந்தையிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் களத்துக்கு வரச் சொன்னோம். "தோற்றதற்கு மறுபடியும் பரீட்சையா சார்?" என்று கேட்டார் தந்தை. பரீட்சை பையனுக்கு இல்லை, பாதைக்கு என்று சொன்னதும் சிரித்துவிட்டு அனுப்பிவைத்தார்.

முந்தைய நாள் களைப்பு இருந்ததால் முதலில் கீழ்ச்சுற்றை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஏறி வந்த மூச்சோடு நிற்கவைத்தோம். நாடி 180ஐ ஒட்டி இருந்தது. மூன்று விழுந்தது. துப்பாக்கி முனை மூச்சுக்கு ஏற்ப மேலும் கீழுமாக அசைந்தது; அது ஒழுங்கான அசைவு, எப்போது திரும்பும் என்று தெரியும், மூச்சை விட்டு நிறுத்தும் இடத்தில் சுடலாம். தொடைத் துடிப்பு தரும் வட்டத்துக்கு அப்படித் தாளம் பிடிக்க முடியாது. நன்றாக ஓய்வெடுத்த பின் மேல்சுற்று, ஆனால் இறக்கத்தில் நடை மட்டும். நான்கு விழுந்தது. அதற்கும் பிறகு மேல்சுற்றை முன்போல் தாவி இறங்கி வரச் சொன்னோம். ஒன்று. ஐந்தாவது பெல்லட்டுக்குக் காத்திருக்கும்போது அவனே திரும்பி, "கால் கேட்கவில்லை சார்" என்றான். முதல் நாளே இதை அவனிடம் யாராவது கேட்டிருந்தால் நாடிப் பட்டையே தேவைப்பட்டிருக்காது.

கடைசியாக வைத்த சோதனை என்பதால் களைப்பும் இதில் சேர்ந்திருக்கும். அதைத் தனியே பிரிக்க வேண்டுமானால் வரிசையை மாற்றி, வேறு பிள்ளைகளையும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பையனைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை.

பயிற்சியில் மாற வேண்டியது

மலைப் பிள்ளைகளிடம் இறக்கத்தில் மெதுவாக வா என்று சொன்னால் மட்டும் போதாது, எங்கே மெதுவாக என்று சொல்ல வேண்டும். கடைசி நூறு மீட்டரில் நேரத்தை இழப்பது கொஞ்சம். நின்று சுடுவதில் மூன்று தவறினால் மூன்று தண்டனைச் சுற்று, 72 நொடி. பையனுக்கு இந்தக் கணக்கைத் தரையில் எழுதிக் காட்டினேன். அன்று அவன் இறக்கத்தில் மற்றவர்களைவிட முந்தியது அதில் பாதிகூட இல்லை. ஒலிம்பிக்கில் பயத்லான் முதன்முதலாக நடந்த 1960இல், ஸ்வீடனின் கிளாஸ் லெஸ்டாண்டர் சறுக்கு வேகத்தில் பதினைந்தாவது ஆள். இருபதுக்கு இருபது சுட்டுத் தங்கம் வாங்கினார். பையனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நின்று சுடுவதில் தன்னை முந்திய அந்தச் சேலத்துப் பெண்ணை அதன்பிறகு "லெஸ்டாண்டர் அக்கா" என்றே சொல்கிறான்.

தொடைக்கும் பயிற்சி வேண்டும். இறக்கத்தில் ஓடிப் பழகப் பழகத் தசை அந்த அடிக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும். ஆனால் பழக்கம் வேகத்தில் ஓடுவதற்கு மட்டும் இருந்து, ஓடியவுடன் அசையாமல் நிற்பதற்கு இல்லாவிட்டால் பயனில்லை. இவனுக்கு ஊரில் தினமும் இறக்கம்தான். இறங்கி முடித்ததும் பாறையில் உட்காருவான். அந்த இடத்தில் உட்காராமல் ஒரு குச்சியைத் துப்பாக்கி மாதிரி பிடித்து அரை நிமிடம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். காத்திருந்து காத்திருந்து சுடும் பழக்கத்தையும் விட வேண்டும்: முனை சில நொடிக்குள் அடங்கவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கி, மூச்சு வாங்கி, புதிதாக ஏற்ற வேண்டும்.

இவர்கள் இதிலிருந்து எங்கே போகலாம் என்று பெற்றோர் கேட்டார்கள். பனி பயத்லானுக்கு ஏற்காட்டிலிருந்து நேர்வழி இல்லை. ஆசை காட்டுவது பாவம். நடைமுறையில் கைக்கெட்டுவது, ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த மாடர்ன் பென்டத்லானின் ஒரு பகுதியான லேசர் ரன். பத்து மீட்டரில் 59.5 மில்லிமீட்டர் வட்டம், கையில் லேசர் பிஸ்டல், ஓட்டமும் சுடுதலும் மாறி மாறி. உரிமம் வேண்டாம், பெல்லட் தெறிக்காது, "டிக்" சண்டையும் இல்லை. நின்றுதான் சுட வேண்டும் என்பதால் இந்த ஆய்வில் சொன்ன தொடைக் கதை அங்கேயும் பொருந்தும், பாதை இறக்கத்தில் முடிந்தால்.

அமைப்பாளர்கள் ஏற்றதும் ஏற்காததும்

இரண்டு சுற்றையும் இடம் மாற்றுவது என்று முடிவாகிவிட்டது: அடுத்த முறை முதலில் மேல்சுற்று, படுத்துச் சுடுதல், பிறகு கீழ்ச்சுற்று, நின்று சுடுதல். செலவில்லாத மாற்றம் ஆகையால் எதிர்ப்பே இல்லை. இலக்கின் விளிம்பைக் கூம்பாகச் சீவி, உரசும் பெல்லட்டையும் உள்ளே தள்ளும்படி செய்யலாம் என்று லேத்காரர் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் 9 மில்லிமீட்டர் என்ற கணக்கே கெட்டுவிடும் என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அது இன்னும் பேச்சில் இருக்கிறது.

மேல்சுற்றின் கடைசியில் சமதரையாக ஐம்பது மீட்டராவது வேண்டும் என்று கேட்டேன். அதற்கு ஒற்றையடிப் பாதையைத் திருப்பி, மிளகுக்கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எஸ்டேட் மேனேஜர் மண்ணைத் தொட வேண்டாம் என்கிறார், மழையில் கரை சரியும் என்ற பயம் அவருக்கு. காபிப் பழம் பறித்து, களத்தில் உலர்த்தி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.